காலிப் பெட்டிக்குச் சூடு காட்டிய மூன்று வாரம்

பாம்பு வருவதற்கு மூன்று வாரம் முன்பே அதன் பெட்டி வந்துவிட்டது. நான்கடி நீளம், இரண்டடி அகலம், முன்பக்கம் பக்கவாட்டில் நகரும் இரண்டு கண்ணாடிக் கதவுகள். உள்ளே மரச்சீவல் பரப்பி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு பொந்து வைத்து, தண்ணீர்க் கிண்ணம் வைத்து, அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) போட்டு இரவும் பகலும் ஓட விட்டிருந்தேன். பாம்பு மட்டும் இல்லை. தினம் காலையும் இரவும் குனிந்து பார்த்து ஒரு நோட்டில் வெப்பநிலை எழுதிவைப்பேன். "குடி வர ஆளைக் காணோம், அதுக்குள்ள வீட்டுக்குச் சூடு காட்டிட்டு இருக்கியே" என்று அம்மா சிரித்தார்.

நான்காம் நாளே அந்தச் சிரிப்புக்குப் பதில் கிடைத்தது. பெட்டியோடு வந்த வட்ட வெப்பமானி ஒன்றைச் சுவரில் ஒட்டியிருந்தேன். அது சமர்த்தாக 27 டிகிரி என்று காட்டிக்கொண்டிருந்தது. ஏதோ சந்தேகத்தில், ஒயர் முனையில் உணரி வைத்த டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை வாங்கி, உணரியை மரச்சீவலுக்கு அடியில், ஹீட் மேட்டுக்கு நேர் மேலே செருகினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 43. சுவரில் இருந்தது சுவரோரக் காற்றை அளந்திருக்கிறது. பாம்பு வாழ்வதோ தரையில், வயிற்றால். போதாக்குறைக்கு, பாம்புகள் சுடுகிற இடத்திலிருந்து உடனே நகர்ந்துவிடும் என்று நம்ப முடியாது. அடிவயிறு வெந்து புண்ணாகும் வரை அதே இடத்தில் கிடந்த பாம்புகள் உண்டு. மேட்டை நேரே பிளக்கில் செருகலாம் என்று கடையில் சொன்னதைக் கேட்டு அப்படியே செருகியிருந்தேன். அன்று அந்தப் பெட்டியில் ஒரு குட்டி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் அவ்வப்போது நினைத்துப்பார்ப்பேன்.

அடுத்த நாள் தெர்மோஸ்டாட் வாங்கினேன். அதன் உணரி தரையில் இருக்க வேண்டும். தரை 30-ஐத் தொட்டால் அணைக்கும், இறங்கினால் மறுபடி போடும். மேட் பெட்டியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பரவக்கூடாது. மறுமுனை 24 வாக்கில் குளிர்ந்தே கிடக்கட்டும். பாம்புக்கு உடம்புக்குள் சூடு உண்டாக்கத் தெரியாது. செரிக்கச் சூடு வேண்டுமானால் சூடான பக்கம் போகும், போதுமென்றால் குளிர்ந்த பக்கம் வரும். அதற்காகத்தான் இரண்டு பொந்து. ஒரே பொந்து வைத்தால் அது பயத்துக்கும் சூட்டுக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிவரும். பெரும்பாலும் ஒளிந்துகொள்வதைத்தான் தேர்ந்தெடுக்கும், செரிமானம் கெடும்.

பாம்பு வளர்ப்பு என்கிறோமே, வளர்ப்பதெல்லாம் பெட்டியைத்தான். பெட்டி சரியாக இருந்தால் பாம்பு தன்னை வளர்த்துக்கொள்ளும். இதை அந்தக் காலிப் பெட்டிதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. முதல் பாம்பு வாங்கப்போகிறேன் என்று யாராவது வந்தால், எந்தப் பாம்பு என்று கேட்பதற்கு முன் பெட்டி எத்தனை நாளாக ஓடுகிறது என்று கேட்பது அதனால்தான்.

சரி, எந்தப் பாம்பு? முதல் பாம்பு என்றால் பேச்சு பெரும்பாலும் இரண்டில் வந்து நிற்கும்: கார்ன் ஸ்நேக், பால் பைத்தான். (தமிழில் எழுதினால் ஒரு குழப்பம் வரும். பால் பைத்தானில் வரும் 'பால்' பந்து. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும், அதனால் அந்தப் பெயர். நிஜமாகவே குடிக்கிற பாலைப் பெயரில் வைத்திருப்பது மில்க் ஸ்நேக். தொழுவத்தில் மாட்டு மடியில் பால் குடிக்கும் என்று யாரோ கட்டிவிட்ட கதையால் வந்த பெயர். அதற்கும் பாலுக்கும் சம்பந்தமே இல்லை. தொழுவத்துக்கு அது போனது எலிக்காக.)

கார்ன் ஸ்நேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. விஷம் கிடையாது, இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும் வகை. வளர்ந்தால் மூன்றடியிலிருந்து ஐந்தடி வரும், ஆனாலும் உடம்பு ஒல்லிதான். வீட்டின் சாதாரண ஈரப்பதமே அனேகமாகப் போதும், சாப்பாட்டில் அடம் குறைவு, கொஞ்சம் துறுதுறுப்பு. பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. நீளம் ஏறக்குறைய அதேதான், உடம்பு தடிமன், சுபாவம் சாது. வாலுக்கு அருகே, கழிவுத்துளைக்கு இரு பக்கமும் பார்த்தால் நகம் மாதிரி இரண்டு சிறு முள் தெரியும். பின்னங்கால்களின் மிச்சம் அது. பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள், மலைப்பாம்பு இனத்தில் அந்தக் காலை நாமும் தொட்டுப் பார்க்கலாம். எல்லாம் சரிதான். ஆனால் காற்றில் 60 சதவீதத்துக்கு மேல் ஈரம் கேட்கும், அப்புறம் திடீரென்று ஒருநாள் சாப்பாட்டை நிறுத்திவிடும். மாதக்கணக்கில் வாயைத் திறக்காமல் ஆரோக்கியமாகவே இருக்கும். உடம்பு இளைக்காத வரை அது பாம்புக்குப் பிரச்சினை இல்லை, வளர்ப்பவருக்குத்தான் தூக்கம் போகும். எனக்கு அந்த நெஞ்சுரம் இல்லை. கார்ன் ஸ்நேக் போதும் என்று முடிவு செய்தேன்.

நிறத்தைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பால் பைத்தானில் மனிதர்கள் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய நிறவகைகள் ஏராளம். அதில் 'ஸ்பைடர்' என்ற அழகான வகை ஒன்று, கூடவே நரம்புக் கோளாறையும் கொண்டுவருகிறது. தலை ஆடும், சில சமயம் தலைகுப்புறத் திரும்பி நிற்கும். படத்தில் அது தெரியாது. வாங்குவதற்கு முன் பாம்பு நகர்வதைப் பாருங்கள், அது இரை எடுப்பதையும் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு: காட்டிலிருந்து பிடித்த பாம்பு வேண்டவே வேண்டாம். அது உண்ணியோடும் குடல் புழுவோடும் வரும், பெட்டிக்குப் பழகாமல் பட்டினி கிடக்கும். பல நாடுகளில் உள்ளூர்ப் பாம்பைப் பிடித்து வைத்திருப்பதே குற்றம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், சில இடங்களில் ஊருக்கு ஊர் மாறும். பெட்டி வாங்குவதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது அது. வளர்ப்பில் பிறந்த குட்டியை, அதற்கான காகிதங்களோடு வாங்க வேண்டும்.

எத்தனை வருஷம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். கார்ன் ஸ்நேக் 15, 20 வருஷம் இருக்கும். பால் பைத்தான் 30-ஐத் தொடும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலைக்கு 1961-ல் வந்த பால் பைத்தான் ஒன்று 2020-ல், அறுபது வயதைத் தாண்டி, முட்டையிட்டது. பல வருஷமாக ஆண் பாம்பையே பார்க்காமல். பள்ளிக்கூடப் பையன் ஆசைப்பட்டான் என்று வாங்கினால், அவன் கல்யாணத்துக்கும் அது இருக்கும். சலித்துப்போனால் வெளியில் விட்டுவிடலாம் என்ற நினைப்பும் கூடாது. ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் இன்று பெருகிக் கிடக்கும் பர்மிய மலைப்பாம்புகள் ஒரு காலத்தில் வளர்ப்பிலிருந்து வெளியே போனவற்றின் வம்சம்தான்.

எங்கள் குட்டி ஒரு துணிப்பையில் வந்தது. பென்சில் தடிமன், ஓரடி நீளம், ஆரஞ்சு நிறத்தில் சிவப்புத் திட்டுகள், வயிற்றில் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பும் வெள்ளையும். பையை மரச்சீவல்மேல் வைத்து வாயைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பை ஓரத்தில் நாக்கு மட்டும் வந்தது. வந்து, ஆடி, உள்ளே போனது. மறுபடி வந்தது. அது மோப்பம் பிடிக்கிறது. காற்றில் இருக்கும் வாசனைத் துகளை நாக்கால் அள்ளி, மேலண்ணத்தில் இருக்கும் ஜேகப்சன் உறுப்பில் சேர்த்துப் பார்க்கும். பத்து நிமிஷம் நாக்கு மட்டும் வேலை செய்தது, அப்புறம்தான் தலை. "பழுதைன்னு மிதிக்கவும் முடியாது, பாம்புன்னு தாண்டவும் முடியாது, அப்படி ஒண்ணைக் கொண்டுவந்திருக்கே" என்றார் அம்மா. பழுதை என்றால் வைக்கோல் கயிறு. பெயர் பழுதை என்றே நிலைத்துவிட்டது.

முதல் வாரம் தொடக்கூடாது. தண்ணீர் மாற்றலாம், அவ்வளவுதான். இதுதான் எல்லாரும் தோற்கிற இடம். காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, அது பொந்துக்குள் கிடக்க, நாம் வெளியே நின்று மரச்சீவலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கதவைத் திறந்து 'இருக்கிறதா' என்று பார்க்கக் கை துறுதுறுக்கும். நானும் இரண்டாம் நாள் பொந்தைத் தூக்கிப் பார்த்தேன். சுருண்டிருந்தது, என்னைப் பார்த்ததும் வால்நுனி மரச்சீவலில் படபடவென்று அடித்துக்கொண்டது. ஓரடிப் பயல் தன்னைப் பெரிய விஷப்பாம்பு என்று காட்டிக்கொள்ளும் முயற்சி. மெதுவாக மூடிவைத்தேன். டிவி சத்தத்துக்குப் பயப்படுமோ என்று நண்பர் ஒருவர் கேட்டார். கூர்மையான காதைப் பாம்புச்செவி என்கிறோம், ஆனால் பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தரையின் அதிர்வுதான் தாடை வழியாக அதற்கு நன்றாக எட்டும், காற்றில் வரும் தாழ்ந்த ஒலியும் ஓரளவு கேட்கும். பெட்டிக்குப் பக்கத்தில் ஓடியாடுகிற கால்கள்தான் டிவியைவிட மோசம்.

எட்டாம் நாள் முதல் சாப்பாடு. உறைந்த சுண்டெலி. மயிர் முளைக்காத குஞ்சு, பிங்கி என்பார்கள். இதற்கு வீட்டில் எல்லாரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள், ஃப்ரீசரில் அதற்கென்று மூடி போட்ட தனி டப்பா வேண்டும். உயிருள்ள எலி வேண்டாம். எலியின் வேதனை ஒருபுறம், அது பாம்பைக் கடித்துக் குதறிவிடுவது இன்னொருபுறம். அளவு சுலபம்: பாம்பின் உடம்பில் தடித்த இடம் எவ்வளவோ அவ்வளவு, இல்லாவிட்டால் கொஞ்சம் கூட. ஃப்ரிட்ஜில் வைத்து உறைவு விட்டபின், பிளாஸ்டிக் பையில் போட்டு வெந்நீரில் பத்து, பதினைந்து நிமிஷம். மைக்ரோவேவ் வேண்டாம், வெளியே கதகதப்பாக இருக்கும், உள்ளே வெந்து வெடிக்கும். கையில் எடுத்தால் உயிருள்ளதன் சூடு தெரிய வேண்டும். ஈரத்தை ஒற்றி, நீளமான இடுக்கியில் பிடித்துக்கொண்டேன்.

பழுதை பொந்தின் வாயில் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தது. இடுக்கியை அருகே கொண்டுபோனதும் நாக்கு வருவது வேகமானது, அப்புறம் சட்டென்று நின்றது. கழுத்து மட்டும் கொஞ்சம் பின்னால் போய் வளைந்தது. அதற்கடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை, பார்த்தேன் என்று சொன்னால் பொய். இடுக்கியில் ஒரு இழுப்பு, குனிந்து பார்த்தால் எலியைச் சுற்றி மூன்று சுருள் விழுந்திருந்தது. செத்த எலியை ஐந்து நிமிஷம் இறுக்கிக் கொன்றது. அப்புறம் சுருளைத் தளர்த்தி, தலை எந்தப் பக்கம் என்று மூக்கால் தடவித் தேடி, அங்கிருந்து விழுங்க ஆரம்பித்தது. தாடையைக் கழற்றி மாட்டும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கழற்றுவதில்லை. கீழ்த்தாடையின் இரண்டு பாதியும் முன்னால் எலும்பாக ஒட்டாமல் ஜவ்வால் கட்டியிருக்கிறது. வலது பாதி ஒரு எட்டு, இடது பாதி ஒரு எட்டு என்று எலிமேல் நடந்துபோகிற மாதிரி இருக்கும். முடிந்ததும் பெரிதாக ஒரு கொட்டாவி.

அதற்குப் பிறகு இரண்டு நாள் தொடவே கூடாது. தொட்டால் கக்கிவிடும். சூடு போதாவிட்டாலும் கக்கும், இரை பெரிதாக இருந்தாலும் கக்கும். கக்கிவிட்டால் பாவம் பசிக்குமே என்று உடனே இன்னொன்று கொடுக்காதீர்கள். பத்து நாளுக்குக் குறையாமல் சும்மா விட்டு, அப்புறம் சின்னதாக ஒன்று. குட்டிக்கு வாரம் ஒருமுறை சாப்பாடு, வளர்ந்ததற்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். வளர்ப்புப் பாம்புகளில் நான் பட்டினிப் பாம்பைப் பார்த்ததைவிடக் கொழுத்த பாம்பைப் பார்த்ததுதான் அதிகம்.

கையில் எடுப்பது பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு மூன்று சாப்பாடு ஒழுங்காக இறங்கியபின் ஆரம்பிக்கலாம். மேலிருந்து கழுகு மாதிரி இறங்காமல் பக்கத்திலிருந்து, உடம்பின் நடுவில் எடுங்கள், கையை மரக்கிளையாக நினைத்துக்கொள்ளட்டும். முதலில் ஐந்து நிமிஷம். கடித்தால் சீப்பு உரசின மாதிரி இருக்கும், பல் பின்பக்கம் வளைந்திருப்பதால் கையை உருவக்கூடாது, தானே விடும். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கடிக்காவிட்டாலும் கழுவுங்கள், பாம்பின் உடம்பில் சால்மனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் இதில் விளையாட்டே கூடாது. அப்புறம், அதற்கு நம்மேல் பாசம் வராது. நம் வாசனை பழகும், நம்மால் ஆபத்தில்லை என்று தெரியும். எனக்கு அது போதுமாக இருந்தது, போதாதவர்கள் நாய் வளர்க்கலாம்.

முதல் சட்டை உரிப்பு வந்தபோது நோய் என்றே நினைத்தேன். நிறம் மங்கி, கண் இரண்டும் நீலம் பாய்ந்து, பால் ஊற்றின மாதிரி ஆகிவிட்டது. சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கண் தெளிந்தது, அடடா, சரியாகிவிட்டது என்று நிம்மதியானேன். அதற்கும் சில நாள் கழித்துக் காலையில் பார்த்தால் பொந்துக்கு வெளியே உள்வெளியாகத் திரும்பிய ஒரு காலுறை. ஈரம் காயவில்லை. முகப் பகுதியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடுவது ஒரு கண்ணாடிச் செதில், அதுவும் சட்டையோடு சேர்ந்து வர வேண்டும். இரண்டு கண்ணும் சின்னச் சின்னக் கிண்ணமாகச் சட்டையில் இருந்தன. வராமல் கண்ணிலேயே தங்கிவிட்டால் நகத்தால் நோண்டாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். சட்டை துண்டு துண்டாக வந்தால் ஈரம் போதவில்லை என்று அர்த்தம். ஒரு டப்பாவில் துளை போட்டு ஈரப்பாசியை நிரப்பி உள்ளே வைத்தால் அடுத்தமுறை முழுசாக வரும்.

மூன்றாம் மாதம் பழுதை காணாமல் போனது. பெட்டியின் இரண்டு கண்ணாடிக் கதவும் ஒன்றின்மேல் ஒன்று படிகிற இடத்தில் ஒரு சந்து இருக்கும். நானும் பார்த்திருக்கிறேன், அதில் என்ன போகும் என்று விட்டுவிட்டேன். பென்சில் போகும். தலை நுழைகிற இடத்தில் உடம்பும் நுழையும் என்பது எழுதப்படிக்கத் தெரியாத பாம்புக்கும் தெரிந்திருக்கிறது. நான்கு நாள் வீட்டில் யாரும் விளக்குப் போடாமல் கால் வைக்கவில்லை. பகலில் தேடிப் பிரயோசனமில்லை, அது இரவில் சுவரோரமாக நகரும் பிராணி. ஒவ்வொரு வாசற்படியிலும், அலமாரிகளின் முன்னாலும் தரையில் மாவு தூவிவைத்தேன். ஐந்தாம் நாள் காலையில் டிவி அலமாரிக்கு முன்னால் மாவில் மெல்லிய நெளிவு ஒன்று, யாரோ விரலால் கிறுக்கின மாதிரி. அலமாரியில் ரௌட்டருக்கு அடியில், அதன் கதகதப்பில், ஒரு ரூபாய் வட்டத்துக்குச் சுருண்டு படுத்திருந்தது. ரௌட்டருக்கு என்ன சூடு என்று உடனே வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். 31. தெர்மோஸ்டாட் இல்லாமலே சரியான இடம் பிடித்திருக்கிறது.

அன்றே சந்தில் ரப்பர் பட்டை ஒட்டி, கதவுக்குப் பூட்டும் போட்டேன்.

நோய் பற்றி இரண்டே விஷயம். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது உண்ணி. பாம்பும் நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கும். வாயைத் திறந்து மூச்சு விட்டால், மூக்கில் குமிழி வந்தால், மூச்சுக்குழாயில் தொற்று. இரண்டுக்கும் கைவைத்தியம் வேண்டாம். பாம்பு பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர்கள் குறைவு, பாம்பு நன்றாக இருக்கும்போதே ஒருவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

பழுதைக்கு இப்போது ஆறு வயது, நாலரை அடி. போன முறை நாங்கள் பத்து நாள் வெளியூர் போனபோது தங்கையை வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னேன். சாப்பாடு கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். பெட்டிமேல் ஒரு தாள் ஒட்டியிருந்தேன்: தண்ணீர் மாற்று, தெர்மோஸ்டாட்டில் 30 இருக்கிறதா பார், பூட்டு, வேறு ஒன்றும் செய்யாதே. ஐந்தாம் நாள் போன் வந்தது.

"அண்ணா, எனக்குப் பயமா இருக்கு. நான் வந்ததுலேர்ந்து அது அந்தப் பொந்தை விட்டு அசையவே இல்லை."

"நாக்கு நீட்டுதா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பெட்டி முன்னால் குனிந்திருப்பாள்.

"நீட்டுது."

"பூட்டியிருக்கியா?"

"ரெண்டு தடவை பாத்துட்டேன்."

"அப்போ லைட்டை அணைச்சிட்டுப் போய்ப் படு."